கொல்லையில் ஒரு மஞ்சள் பெர்கோலா

பிரஷை எப்படிப் பிடிப்பது, டப்பாவில் எவ்வளவு தின்னர் ஊற்றுவது என்பதையெல்லாம் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கிறான். அதைச் சொல்ல நான் தேவையில்லை. இன்றைக்கு இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கும் தம்பிகளுக்கு டப்பாவில் அச்சடிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆனால் திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வரைக்கும் ரோட்டோரம் நிற்கிற கேட்டுகளில் பாதி என் கை பட்டவை. சாரம் கட்டாமல் மூன்று மாடிக்குக் கயிற்றில் தொங்கி அடித்திருக்கிறேன். நிறம் கலக்கிற மிஷின் கடைகளுக்கு வருவதற்கு முன்னால், பழைய சுவரைப் பார்த்து அதே நிறத்தைக் கண்ணாலேயே கலந்து, ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் அடித்துக் கொடுத்தவன். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தவன்தானே பெருமையும் அடிக்க வேண்டும்.

இப்போது ஏணி ஏறுவதை விட்டுவிட்டேன். ஏறுவதை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு பெர்கோலாவுக்கு நிறம் பார்த்த கதை இது.

பெர்கோலா என்ற பேரே நம் பக்கம் புதிது. கூரை வேயாத பந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கால், மேலே வரிவரியாக இரும்புச் சட்டம், வெயில் கோடு கோடாக உள்ளே விழும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் போனில் படம் அனுப்பி, கொல்லையில் இதைக் கட்டுங்கள் என்கிறார்கள். இங்கே இருக்கிறவர்கள், இதில் என்ன கொடியை ஏற்றுவது, அவரையா பீர்க்கனா என்று கேட்கிறார்கள்.

திருவையாற்றைத் தாண்டிக் காவிரிக் கரையோரம் ஒரு ஊர். கலியபெருமாள் என்று ஒரு விவசாயி. கொல்லை நிறையத் தென்னை, அதற்கு அந்தப்புறம் சம்பா அறுத்த வயலில் உளுந்து. பையன் சரவணன் சிங்கப்பூரில். பெண் கயலுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். மண்டபம் எல்லாம் வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டதால், பெர்கோலாவைக் கொல்லையில் நிறுத்தி, அதன் கீழேயே தட்டு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

சாதாரண நிச்சயம் இல்லை அது. அதற்கு முந்தைய வருஷம் ஒரு இடம் வந்து எல்லாம் பேசி முடித்து, உறுதி செய்ய வந்த அன்றைக்கு இவர்கள் வீட்டு வாசலிலேயே அவர்கள் கார் டயர் வெடித்துவிட்டது. சகுனம் சரியில்லை என்று போனவர்கள் போனவர்கள்தான். அதிலிருந்து கயலின் அம்மா வசந்தா காக்கை எந்தப் பக்கம் கரைகிறது என்றுகூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இப்போது வரப்போகிறவர்கள் குத்தாலத்துக்காரர்கள். மாப்பிள்ளைக்கு ஒரு அத்தை உண்டு, அந்த வீட்டில் அவர் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

வெல்டர் வேலையை முடித்ததும், நானும் என்னோடு எப்போதும் வரும் சேகரும் செங்காவி நிற ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்து நிறுத்திவிட்டோம். மேலே என்ன நிறம் என்பதில்தான் இழுபறி. போனில் வீடியோவில் சரவணன். கிணற்றடியில் நின்று அம்மா.

"இப்ப எல்லாரும் சார்கோல் கிரேதாம்மா அடிக்கிறாங்க. மேட் ஃபினிஷ்ல."

"கரிக் கலர் பந்தலுக்குக் கீழ என் பொண்ணுக்குத் தட்டு மாத்தணுமா?"

"கரி இல்லம்மா. சாம்பல் கலர்."

"சாம்பலா. அது அதைவிட நல்லாருக்கு. நீ அங்கயே உக்காந்து பாத்துக்க."

கயல் துணி காயப்போட்டுக்கொண்டே சிரித்தது. "என் நிச்சயத்துக்கு என்னை யாரும் கேக்கக் காணோமே."

"சரி, நீதான் சொல்லேன். என்ன கலர்?" என்றார் கலியபெருமாள்.

"மாப்பிள்ள மாறாம இருந்தா போதும்ப்பா. கலர் எதுவா இருந்தா என்ன."

சிரித்துக்கொண்டேதான் சொன்னது. ஆனால் அதற்கப்புறம் நிறத்துக்காக யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. சரவணன்கூட, "அம்மா சொல்றதையே அடிங்க மேஸ்திரி" என்று போனை வைத்துவிட்டான்.

ஷேடு கார்டை விரித்தேன். வசந்தாம்மா யோசிக்கவே இல்லை. மஞ்சளில் விரலை வைத்தார். பூசு மஞ்சள் நிறம். மங்கலத்துக்கு அதைவிட என்ன இருக்கிறது. ஃபினிஷ் மட்டும் நான் சொன்னேன். தென்னைக்குக் கீழே மேட் அடித்தால், மரத்திலிருந்து சொட்டும் பிசினும் அதில் பிடிக்கிற கருப்பும் துடைத்தாலும் போகாது, நல்ல பளபளப்பான எண்ணெய் எனாமல் அடித்தால் ஈரத்துணியில் வழித்துவிடலாம் என்று. நிறத்தில் அந்தம்மா ஜெயித்தார்கள், ஃபினிஷில் நான் ஜெயித்தேன். எல்லோருக்கும் திருப்தி. இப்படி எல்லோருக்கும் திருப்தியாக ஒரு நிறம் முடிவானால், தம்பிகளா, கொஞ்சம் பயப்படுங்கள்.

நிச்சயத்துக்கு முதல் நாள் விடிந்ததும் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் மஞ்சளை அடித்து முடித்தோம். நான் சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன். பெயிண்ட் வழிந்த ஓட்டம் ஒன்று இல்லை, ஒரு பிரஷ் கோடு இல்லை. கண்ணாடி மாதிரி நின்றது. வசந்தாம்மா கையெடுத்துக் கும்பிட்டார். டீ வந்தது. மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து குடித்தேன். சேகர் டம்ளரோடு பெர்கோலா பக்கம் போனவன் அங்கிருந்தே கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க வாங்க. யாரோ ரவையக் கொட்டுன மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தேன். ரவை இல்லை. பூச்சி. வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொன்றும் சிறகை விரித்து, ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் வந்து ஒட்டின. தெற்குப் பக்கத்துக் காலில் மஞ்சளே கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ப்ரைமர் அடித்தபோது ஒரு பூச்சி எட்டிப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருக்கும் மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போனேன். சட்டையைப் பக்கத்துத் தென்னைமரத்து ஆணியில் மாட்டியிருந்தேன். சட்டைக்குப் பக்கத்தில், மரத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் தாள் கட்டியிருந்தது. தாளில் விளக்கெண்ணெய் தடவியிருந்தது. எண்ணெயில் அதே பூச்சி, அப்பிக்கொண்டு.

கொல்லையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லா மரத்திலும் மஞ்சள் தாள். வந்த நாளிலிருந்து அதற்கு நடுவில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறோம்.

பின்னால் கலியபெருமாள் வந்து நின்றார். அவரும் தாளைப் பார்த்தார், பெர்கோலாவைப் பார்த்தார்.

"தென்னைக்கு வெள்ளை ஈ வந்துச்சுன்னு நான்தான் கட்டினேன் மேஸ்திரி. மஞ்சளும் பசையும் கண்டா அது வந்து உக்காரும்."

"நீங்க சின்னதாக் கட்டுனீங்க. நாம சேந்து பெருசாக் கட்டிட்டோம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஏனென்றால் வசந்தாம்மா வந்துவிட்டார். காலைப் பார்த்தார், மேலே சட்டத்தைப் பார்த்தார், துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"போன தடவ டயரு. இந்தத் தடவ ஈ." என்றார். "அந்த அத்தை வந்து உக்காந்து அண்ணாந்து பாத்தா என்னங்க நெனப்பாங்க? தட்டு மாத்துற எடத்துல ஈ மொச்சுக் கெடக்குன்னு சொல்ல மாட்டாங்களா?"

அந்த நேரம் பார்த்து அவர் தம்பி ராசேந்திரன் கொல்லைக்கு வந்தார். பெண்ணுக்குத் தாய்மாமன். நாளைக்கு முதல் மரியாதை அவருக்குத்தான். விஷயத்தைக் கேட்டார், விறுவிறுவென்று போனார், மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தள்ளுங்க மேஸ்திரி. ஒரு அடி. ஒருத்தன் உசுரோட இருக்க மாட்டான்."

"இருக்க மாட்டான்தாங்க. ஆனா செத்தாலும் அங்கயேதான ஒட்டிக்கிட்டு இருப்பான்?"

"செத்தா விழுவான்."

"ஈரப் பெயிண்டுங்க. விழ மாட்டான். அதோட நாளைக்கு இதுக்குக் கீழதாங்க இலை போடணும். மாமாவே முதப் பந்தியில உக்காரணும்."

அவர் யோசித்தார். கைப்பிடியை விட்டார். ஆனால் டேங்கை இறக்கவில்லை. "அப்ப வெள்ளை வேட்டியச் சுத்திக் கட்டி மறைச்சுடுவோம்" என்றார்.

"அதுவும் ஒட்டிக்கும் மச்சான்" என்றார் கலியபெருமாள். "நாளைக்கு உன் வேட்டிய உரிக்க ஆள் தேடணும்."

எல்லோரும் ஒவ்வொரு யோசனை சொன்னார்கள். காயட்டும், காய்ந்ததும் துடைப்பத்தால் தட்டிவிடலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். மேலே இன்னொரு கோட் மஞ்சள் அடித்து மூடிவிடலாம். அப்போது கயல் சமையற்கட்டு வாசலில் நின்றபடி, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டது.

"மேஸ்திரி, நாளைக்கு ஆயிடுமா?"

பெர்கோலாவைக் கேட்கிறதா, நிச்சயத்தைக் கேட்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நிறம் பார்த்த அன்றைக்குத் துணி காயப்போட்டுச் சிரித்த முகம் இல்லை அது.

"ஆயிடும்மா" என்றேன். எப்படி ஆகும் என்று எனக்கே தெரியாது. ஆனால் வேலைக்காரன் அந்த இடத்தில் வேறு பதில் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டுத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

என்னை இந்தத் தொழிலில் ஏற்றிவிட்ட மேஸ்திரி ஒருவர் இருந்தார். கெட்டுப்போன கோட்டைப் பார்த்தால் அவர் திட்ட மாட்டார், வருத்தப்பட மாட்டார். தொட்டுப் பார்ப்பார். கையில் ஒட்டினால், "நேரம் இருக்குடா" என்பார். அவர் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். ஈரமாக இருக்கும்வரை அது இன்னும் பெயிண்ட் ஆகவில்லை, துணியில் வந்துவிடும். காய்ந்த பிறகு பூச்சியும் பெயிண்டும் ஒன்றாகிவிடும், அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

தொட்டுப் பார்த்தேன். ஒட்டியது.

"சேகர், டர்பன்டைன் எடு. பனியன் வேஸ்ட் எல்லாத்தையும் எடு. மொத்தத்தையும் தொடைக்கிறோம்."

"அண்ணே, காலையிலேருந்து அடிச்சது."

"அதனாலதான் சொல்றேன். நாளைக்குன்னா காஞ்சுபோயிருக்கும், சொல்ல மாட்டேன்."

அடித்த கையாலேயே, அடித்த வேலையைத் துடைப்பது சாதாரணம் இல்லை, தம்பிகளா. அதுவும் என்னைப் போல் ஒருவன், ஒரு ஓட்டம்கூட இல்லாமல் அடித்துவிட்டு. துணி துணியாக மஞ்சள் வந்தது. மஞ்சள் வரவர அடியில் இருந்த ப்ரைமர் வெளியே தெரிந்தது. ஈரத்தில் நனைந்ததால் அந்தச் செங்காவி நல்ல கனத்துப் போய், கருஞ்சிவப்பாக நின்றது.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. இந்த நிறத்தில் இதே பெர்கோலா இதே தென்னைக்குக் கீழே நின்றது, ஒரு ஈ வரவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த வசந்தாம்மா எழுந்து வந்துவிட்டார்.

"மேஸ்திரி, இது என்ன கலருங்க?"

"ப்ரைமருங்கம்மா. அடிக் கோட்."

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மடித்த புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய கூறைப்புடவை. அதன் முந்தானையை எடுத்துப் பெர்கோலாவின் காலுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒட்டாமல் தள்ளிப் பிடிக்கும்படி சொன்னேன். அரக்கு நிறம். ப்ரைமருக்கு அக்கா மாதிரி இருந்தது.

"இதுலதாங்க நானே மணையில உக்காந்தேன்" என்றார். "இந்தக் கலர்ல அடிக்க முடியுமா?"

முடியும் என்றேன். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்று சொல்லவில்லை. இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். நிறத்தின் பேரை வீட்டுக்காரர்கள் வாயிலிருந்து வரவிடுங்கள். நீங்கள் சொன்ன நிறத்தில் குறை வந்தால் அது உங்கள் குறை. அவர்கள் சொன்ன நிறத்தில் குறை வந்தால் அது வெயிலின் குறை.

புடவையைப் பையில் சுற்றிக்கொண்டு சேகர் வண்டியில் திருவையாற்றுக்குப் பறந்தான். நிறத்தை அதற்கேற்ற மாதிரி கலக்கச் சொன்னேன். ஃபினிஷில் இந்த முறை நான் என் பிடிவாதத்தை விட்டேன். பளபளப்பு கேட்டால் மெதுவாகக் காயும் எண்ணெய் எனாமல்தான் கிடைக்கும். மேட் கேட்டால் தென்னைப் பிசின் ஏறும். இரண்டுக்கும் நடுவில், சீக்கிரம் காய்கிற சாட்டின் ஃபினிஷ் வாங்கிவரச் சொன்னேன். பட்டுப்புடவையின் மினுக்கம் அதில் இருக்கும், கண்ணைக் கூசாது, ஈரத்துணிக்கும் மசியும்.

டர்பன்டைன் ஈரமெல்லாம் ஆறிக் கால்கள் சுத்தமாக உலர்ந்த பிறகு, ஒரே ஒரு காலுக்கு மட்டும் அரக்கை அடித்துவிட்டு நிறுத்தினேன். மீதியைத் தொடவில்லை. அவசரத்தில் முழுக்க அடித்துவிட்டு மறுபடியும் துடைக்க என்னிடம் துணியும் இல்லை, நேரமும் இல்லை. நாற்காலி போட்டு எல்லோரும் அந்த ஒற்றைக் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ராசேந்திரன் டேங்கோடேயே உட்கார்ந்திருந்தார். கிரிக்கெட் மேட்சுக்குக்கூட அந்த வீட்டில் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

"ஒண்ணு வந்துட்டான்" என்றார் ராசேந்திரன்.

"வழி தெரியாம வந்திருப்பான்" என்றார் கலியபெருமாள்.

இன்னும் ஒன்றிரண்டு வந்தன. அதற்கு மேல் வரவில்லை. அந்த ஒன்றிரண்டைக்கூட வரவிட எனக்கு மனசில்லை. கொட்டகைக்குப் பின்னால் உளுத்துப்போன பழைய கதவு ஒன்று சாய்ந்திருந்தது. மிச்சமிருந்த மஞ்சள் எனாமலை அதில் தாராளமாகப் பூசி, கொல்லைக் கோடியில் வேலியோரம் உளுந்து வயலைப் பார்க்க நிறுத்தினேன். பூச்சிக்கு அங்கே விருந்து, நமக்கு இங்கே வேலை. இது என் யோசனை. கலியபெருமாள் தன்னுடைய யோசனை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

வெயில் சாய்வதற்குள் அடித்து முடித்தோம். கதவு ரவை உப்புமா மாதிரி ஆகிவிட்டது. பெர்கோலா சுத்தமாக நின்றது. ராசேந்திரன் அப்போதுதான் முதுகிலிருந்து டேங்கை இறக்கினார். வசந்தாம்மா போனில் மகனுக்கு வீடியோ காட்டினார்.

"நான் சொன்ன மாதிரி டார்க்காதான அடிச்சிருக்கீங்க" என்றான் சரவணன்.

"நீ சொன்னியா? இது என் பொடவைக் கலருடா."

இரண்டு பேரும் தாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள். நான் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எனக்கும் சாப்பாட்டுக்கு அழைப்பு. போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. மோட்டார் கொட்டகைப் பக்கம் சேகரோடு நின்றுகொண்டேன். குத்தாலத்துக்காரர்கள் வந்தார்கள். டயர் எதுவும் வெடிக்கவில்லை. அத்தை முன்னால் வந்தார். பெர்கோலாவுக்குள் நுழையும்போது நின்று, அதன் காலில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். எடுத்து, கையைப் பார்த்தார். வசந்தாம்மாவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, தரையைப் பார்த்தேன்.

"காஞ்சிருக்கு" என்றார் அத்தை. அண்ணாந்து பார்த்தார். "கூறைப்புடவை கணக்கா அடிச்சிருக்கீங்களே. யாரு பாத்த கலரு?"

"நான்தாங்க" என்றார் வசந்தாம்மா.

அத்தை தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். தட்டு மாற்றினார்கள். கயல் குனிந்த தலை நிமிராமல் இருந்தது, ஆனால் ஒரு தரம் நிமிர்ந்து கொட்டகைப் பக்கம் பார்த்தது. சேகர் என் தோளில் கையைப் போட்டான்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவ வந்த அத்தை அப்படியே வேலியோரம் பார்த்து நின்றுவிட்டார்.

"அது என்னங்க, கதவு மாதிரி?"

அந்தக் கதவை எடுத்து மறைக்க வேண்டும் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அத்தை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே போய்விட்டார். கலியபெருமாள் பின்னாலேயே ஓடி, தென்னை, வெள்ளை ஈ, மஞ்சள் என்று பாதிப் பாதியாகச் சொன்னார். அத்தை குனிந்து கதவு முழுக்கப் பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார்.

"எங்க தோப்புல தாள் கட்டிக் கட்டி அலுத்துப்போச்சு. மழையில ஊறிப் போயிடுது" என்றார். "இது யாரு செஞ்சது?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் தன் யோசனை என்று சொல்லத் தோன்றவில்லை.

கயல் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கும் போயிருந்தேன். குத்தாலத்துக்குச் சீர்வரிசை ஏற்றிய வண்டியில் கட்டில், பீரோ, பாத்திரங்களோடு, கடைசியில் கயிறு போட்டு இறுக்கி, அத்தையின் தோப்புக்காக நான் மஞ்சள் அடித்த பழைய கதவுகளும் போயின.